கடைசிப் பக்கத்தில் அண்ணி

என் அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் பாதிக்குச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும். எவர் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் போன் அவனுக்கு வரும். இப்படி நாள் முழுக்க ஓடுகிறவன் வீட்டுக்கு வந்தால் குளித்தோமா, சாப்பிட்டோமா, படுத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? மாட்டான். நேரத்தோடு மல்லுக்கட்ட உட்கார்ந்துவிடுவான். நம் உலகத்தில் நேரம் போகிற போக்கு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதனால் நேரம் வேறு மாதிரி போகிற உலகங்களாகப் பார்த்துப் பார்த்துக் கதை எழுதுவான்.

முதலில் எழுதியது மாடிக்கு மாடி நேரம் மாறுகிற ஊர். தரைத்தளத்தில் ஒரு நாள் போவதற்குள் பத்தாவது மாடியில் ஒரு வாரம் போய்விடும். மேலே குடியிருக்கிறவன் சீக்கிரம் கிழவனாகிவிடுவான். ஆகவே வசதி உள்ளவர்கள் எல்லாரும் கீழே, இல்லாதவர்கள் எல்லாரும் மேலே. லிஃப்ட்காரனுக்கு என்ன வயது என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. அடுத்த கதையில் யாராவது பொய் சொன்னால் அந்த இடத்தில் நேரம் நின்றுவிடும். அதில் ஒரு கல்யாணம் வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அண்ணி இருந்தவரை இதெல்லாம் வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர்தான் முதல் வாசகர். மற்றவர்கள் மாதிரி நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று சொல்ல மாட்டார். அடுப்பைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்.

"ஏங்க, கீழ வாங்கின பாலை மேல கொண்டுபோய் வெச்சா, கீழ அடுத்த நாள் பால் வர்றதுக்குள்ள அது கெட்டுப்போயிடுமே? அந்த ஊர்ல பத்தாவது மாடிக்காரங்க எப்படித்தான் பால் குடிப்பாங்க?"

அவ்வளவுதான். அண்ணன் இரண்டு வாரம் பால் பிரச்சினையோடு திரிவான். லிஃப்ட் ரிப்பேர் செய்யும்போதுகூட அதே நினைப்புதான். பதில் கிடைத்ததும் கதையை முதலிலிருந்து மாற்றி எழுதுவான். அண்ணி மறுபடி ஒரு கேள்வி கேட்பார்.

அவர்கள் சந்தித்ததே லிஃப்டில்தான். ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் அண்ணிக்குக் கணக்கு எழுதும் வேலை. ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அண்ணன் ஓடிப் போய்க் கதவை நெம்பித் திறந்தான். உள்ளே அண்ணி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றுகொண்டிருந்தார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. "இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்து ஏறி வந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மறுநாள் அந்த லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லாமலே அண்ணன் அதைச் சரிபார்க்கப் போனான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணி போய்விட்டார். வயிற்றில் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர்கள் மகள் பாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் ஒரு பெட்டியோடு, ஒரு மாதம் துணைக்கு இருக்கலாம் என்று வந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பக்கத்துத் தெரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையும் தேடிக்கொண்டேன்.

ஒரு வருஷம் அண்ணன் எதையும் எழுதவில்லை. பிறகு ஆரம்பித்தான் ஒரு கதை. கதையா அது, என் பிராணனை வாங்க வந்தது.

அந்த உலகத்தில் நேரம் பின்னோக்கிப் போகும். ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் மனிதர்கள் வந்து சேருவார்கள். முதலில் பேச்சு மூச்சிருக்காது. பிறகு கண் திறப்பார்கள். நாளுக்கு நாள் தெம்பு வரும், வீட்டுக்குப் போவார்கள், நரைத்த முடி கறுக்கும். அங்கே வருங்காலம் என்றால் யாருக்கும் பயமில்லை, ஏனென்றால் இனிமேல் எல்லாம் இளமைதான். நடக்கிற குழந்தை தவழும், தவழ்கிற குழந்தை தொட்டிலுக்குப் போகும். கதையின் முதல் வரியில் அப்பாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிப் படுக்கையைப் பார்க்க ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைவார்கள். கடைசி அத்தியாயத்தில் லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஒரு பெண் கோபமாக நிற்பாள். "இவ்வளவு நேரமா?" என்பாள். கதை முடிந்தது.

நேரம் பின்னால் போகிற உலகத்தில் அந்தக் கதவு மூடத்தானே வேண்டும், எப்படித் திறக்கும் என்று எனக்குத் தோன்றியது. டீ குடிக்கக் குடிக்க டம்ளர் நிறைந்துகொண்டே வர வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் விதியைக் காப்பாற்றியவன், அந்த ஒரு இடத்தில் மட்டும் தெரிந்தே ஏமாற்றியிருந்தான். அண்ணி இருந்திருந்தால் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை.

ஆனால் மற்ற விதிகளால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஊரில் சாப்பாடு எப்படி நடக்கும் என்று விளக்குவான். வாயிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து பாத்திரத்துக்கு.

"சாப்பிடற எடத்துல இதைப் பேசினேன்னு வெச்சுக்கோ, தட்டை எடுத்து உன் தலையில கவுத்துடுவேன்" என்றேன்.

"கவுத்தாலும் அந்த உலகத்துல அது திரும்பத் தட்டுக்கே வந்துடும்" என்றான். பாப்பா சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உட்கார்ந்து எழுத அவனுக்கு நேரமில்லை. லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவில், போனில் பேசிப் பதிவு செய்வான். சாயங்காலம் பாப்பா அதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்வாள். பதிவில் பாதி இரும்புக் கயிற்றின் சத்தமும், "அண்ணே, எப்பண்ணே ஓடும்?" என்று யாரோ கத்துவதும்தான் இருக்கும். பாப்பா முகம் சுளிக்காமல் செய்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், தலைக்குமேல் பாடம். இருந்தும் ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. பேசவும் மாட்டாள். அம்மாவைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

அதுதான் அண்ணனை அரித்தது. "பாப்பா அவ அம்மாவை மறக்கப் பார்க்கறா. இந்தப் புக்கு வந்துடட்டும். கடைசிப் பக்கத்துல உங்கம்மா நிப்பா, எப்ப வேணா தொறந்து பாருன்னு அவ கையில கொடுத்துடணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளிடமும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

அதிசயமாக ஒரு பதிப்பாளர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். டயர் கடைக்கு மேலே சின்ன ஆபீஸ். அண்ணன் ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லி அனுப்பினான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தது. அண்ணன் கயிற்றை அறுத்து, முதல் பிரதியை எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் பாப்பாவிடம் நீட்டினான்.

"கடைசிப் பக்கம் பாரு."

பாப்பா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் பெருமையாக என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு பிரதியை எடுத்தான். கடைசிப் பக்கத்தைத் திறந்தான். உடனே முதல் பக்கத்தைப் புரட்டினான்.

கடைசிப் பக்கத்தில் லிஃப்ட் இல்லை. ஆஸ்பத்திரி இருந்தது. படுக்கையில் அண்ணி கண்ணை மூடுகிறார். "அப்பாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்." அதோடு புத்தகம் முடிந்தது. லிஃப்ட் கதவு முதல் பக்கத்தில் திறந்தது.

நாங்கள் டயர் கடை மாடிக்குப் போனபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது. பதிப்பாளர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பிழை திருத்துபவர் வந்தார். எல்லாரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன் என்று பதிப்பாளர் அறிமுகம் செய்தார். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, பவர் மாறி ரொம்ப நாளாகியிருக்கும்.

"சார், அத்தியாயமெல்லாம் தலைகீழா அனுப்பிட்டீங்க" என்றார் வாத்தியார், நாங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. "நல்லவேளை, அச்சுக்குப் போறதுக்கு மூணு நாள் முன்னாடி நான் பார்த்தேன்."

"அது அப்படித்தான் சார்" என்றான் அண்ணன். "அந்த உலகத்துல நேரம் பின்னாடி போகுது."

"அதைத்தான் சார் நானும் திருத்தினேன். இப்ப முன்னாடி போகுது."

வாத்தியார் விடவில்லை. "குடிக்கக் குடிக்க டம்ளர் நிறைஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. காலியாச்சுன்னு மாத்திட்டேன். உள்ளே வந்தாங்கன்னு வர வேண்டிய எடத்துல வெளியே, வெளியேன்னு வர வேண்டிய எடத்துல உள்ளே. ஒரு வரி விடாம எல்லாத்தையும் நேராக்கிட்டேன். மூணு நாள் சரியா சாப்பிடலை, தெரியுமா?"

அடிக்கவும் முடியவில்லை. அவர் பாடுபட்டது உண்மை. ஒரு மனுஷன் இவ்வளவு அக்கறையாக ஒரு கதையைக் கொன்று நான் பார்த்ததில்லை.

பதிப்பாளர் சமாதானத்துக்கு வந்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? வேணும்ங்கறவங்க பின்னாடியிலிருந்து முன்னாடி படிச்சுக்கட்டுமே."

"அப்ப நீங்க கீழ எறங்கறப்போ தலைகீழா எறங்கிப் போங்க, நான் பார்க்கறேன்" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து அமுக்கினான்.

"சார், ஒவ்வொரு வரியையும் அவர் திருப்பிட்டாரு. பின்னாடியிலிருந்து படிச்சாலும் அது என் கதையா இருக்காது" என்றான். "எல்லாப் பிரதியையும் நிறுத்துங்க. திரும்பப் போடுங்க."

முடியாது என்றார் பதிப்பாளர். கடைகளுக்குப் போயாகிவிட்டது. இது விற்றுத் தீர்ந்தால் அப்புறம் பார்க்கலாம் என்றார். அது தீரவே தீராது என்று அவர் நம்பியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தீர்ந்தது. அதுதான் கொடுமை. மாடி ஊர்க் கதையையும், பொய் சொன்னால் நேரம் நிற்கும் கதையையும் திருப்பி அனுப்பிய அதே பத்திரிகைகள் இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. "எந்தக் குழப்பமும் இல்லாத, நேரான, எளிமையான குடும்பக் கதை" என்று ஒன்றில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் பேப்பரை நாலாக மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்குக் கீழே வைத்தான். என் கடைக்கு வந்த ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடைசியில அழுதுட்டேன்மா" என்றாள். கடைசியில் அழக் கூடாது, கடைசியில் சிரிக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேல் லிஃப்ட் தலையில் உட்கார்ந்து பேசினான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பில்லைப் போட்டுக் கொடுத்தேன்.

வேலை செய்யும் கட்டடங்களில் எல்லாரும் அண்ணனுக்குக் கை கொடுத்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும், "சார், அது அப்படி இல்ல சார்" என்று ஆரம்பிப்பான். லிஃப்ட் வந்து நிற்கும், கேட்டுக்கொண்டிருந்தவர் ஏறிப் போய்விடுவார். வீட்டுக்கு வந்தால் பாப்பாவின் மூடிய கதவைப் பார்ப்பான். அவளுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டதே என்று புலம்புவான். அவளோ அந்தப் பிரதியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் ஆத்திரம். தினமும் பதிப்பாளருக்குப் போன் செய்தான். அவர் எடுப்பதை நிறுத்தினார். என் போனிலிருந்து செய்தான்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். இரண்டாவது பதிப்புப் போடுகிறாராம். "ஜெயிச்சுட்டீங்க சார். உங்க இஷ்டப்படியே போடறேன். பழைய பைலை அனுப்புங்க. வாத்தியார் கண்ணுல காட்ட மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில அச்சுக்குப் போகணும்." அண்ணன் குதி குதியென்று குதித்தான். அண்ணி போன பிறகு அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

பைல் பாப்பாவிடம்தான் இருந்தது. இரண்டு நாளாக அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் அவள் அறை வாசலில் போய் நின்றான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அந்தப் பைலை அனுப்பும்மா. அவர் காத்துக்கிட்டிருக்காரு."

"அனுப்ப மாட்டேன்."

அவள் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"ஏன்?"

"இந்தப் புக்கே இருக்கட்டும்ப்பா."

"இது தப்பும்மா. கடைசிப் பக்கத்துல உங்கம்மா செத்துப்போறா."

"தெரியும்."

"நம்ம புக்குல உங்கம்மா திரும்பி வர்றா. அதுக்காகத்தானே இவ்வளவும்? உனக்காகத்தானே?"

"வர்றாங்க" என்றாள் பாப்பா. "அப்ப நான் எங்கப்பா?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"தொட்டிலை மடிச்சுப் பரண்ல போட்டாங்கன்னு நீ போன்ல சொன்னே. நான்தான் டைப் பண்ணினேன். அதுக்கப்புறம் எவ்வளவோ வருது. நீயும் அம்மாவும் மழையில நனையறீங்க. பஸ்ஸை விட்டுட்டுச் சிரிக்கறீங்க. எல்லாத்தையும் டைப் பண்ணினேன். ஒரு எடத்துல கூட, ரெண்டு பேர்ல ஒருத்தர் கூட, பாப்பா எங்கேன்னு தேடலை."

"இல்லடா, அந்த உலகத்துல அது... அதைச் சாவுன்னு சொல்ல மாட்டாங்க. அங்க ரூல் வேற."

"ரூலெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா."

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். எந்தக் கேள்வி கேட்டாலும் இரண்டு வாரத்தில் பதில் கண்டுபிடிக்கிறவன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மடித்த துணி என் மடியிலேயே கிடந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

"எனக்கும் அம்மா வேணும்தான்" என்றாள் பாப்பா. "தினமும் வேணும். ஆனா நான் போனாத்தான் அம்மா வருவாங்கன்னு நீ எழுதினா, நான் என்னப்பா பண்றது? வாத்தியார் புக்குல கடைசியில நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கே."

போன் அடித்தது. பதிப்பாளருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் சொன்னது எனக்கே கேட்டது. "என்ன சார், பைல் இன்னும் வரலையே? ஆளுங்க நிக்கறாங்க."

"பைல் வராது சார்" என்றான் அண்ணன். "இருக்கிற மாதிரியே போட்டுடுங்க."

"என்ன சார் இது! அப்ப இத்தனை மாசம் எதுக்கு என் உயிரை எடுத்தீங்க? அதுல என்ன இருக்கு, இதுல என்ன இருக்கு?"

அண்ணன் பாப்பாவைப் பார்த்தான்.

"என் பொண்ணு இதுலதான் சார் இருக்கா" என்றான்.